கண்ணை மூடாதே

"கண்ணை மட்டும் மூடின, தொலைஞ்சடா!" என்றாள் கெல்சி, வாசலில் கண்ணும் பல்லும் செதுக்கி வைத்திருந்த பூசணிக்காயைத் தாண்டிக்கொண்டே.

வேட் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். கூரை வேலை செய்பவன். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணை விட்டுத் தார் போவதில்லை.

"மூணு மாடி மேல கயிறு கட்டாம நடக்கறவன் நான். ஒரு படத்துக்கா பயப்படப் போறேன்?"

"அன்னிக்கு நாய் செத்துப்போன படத்துக்குத் தேம்பித் தேம்பி அழுதது யாரு?"

"அது நாய், கெல்சி. அது வேற."

"எங்கப்பா இரும்பாலை உலைக்கு முன்னாடி நின்னு வெந்தவரு. கோழைங்கன்னா அவருக்கு ஆகாது. அவர் சரின்னு சொல்லாம நான் உன் கல்யாண மோதிரத்தைப் போட்டுக்க மாட்டேன். பாத்துக்க."

கெல்சியின் குடும்பமான ஹுடாக் வீட்டில் அக்டோபர் பிறந்தால், மாதக் கடைசியில் வரும் பேய்த் திருநாளான ஹாலோவீன் வரைக்கும் தினம் ஒரு திகில் படம். அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால்கூட இரண்டாம்பட்சம்தான். இந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு வருகிறவன் எவனாக இருந்தாலும், முதலில் அவள் அப்பா ஸ்டான் ஹுடாக்கோடு உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும். மற்றப் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். வெண்ணெயில் வதக்கிய முட்டைக்கோஸ் வாசனை கூடம் முழுக்க நின்றது. ஸ்டான் பீர் டப்பாவை முழங்காலில் வைத்தபடி தலையை மட்டும் அசைத்தார்.

"உக்காரு தம்பி. சாப்ட்டுக்கிட்டே பாக்கலாம்."

கெல்சியின் அக்கா ட்ரிஷா தட்டை நீட்டினாள். விவாகரத்தாகி அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள். முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிற வேலை.

"நிறைய வைக்காதீங்கக்கா," என்றான் வேட்.

"ஏன், வாந்தி வரும்னு பயமா?"

ஸ்டான் சிரிக்கவில்லை. படத்தைப் போட்டார்.

முதல் பாதியில் வேட் சமாளித்தான். கிணற்றிலிருந்து கை வந்தபோது தொண்டையைச் செருமினான். பரணிலிருந்து தலை உருண்டபோது கெல்சியின் விரல்களை நெரித்தான். "என் கைடா அது," என்று அவள் பல்லைக் கடித்தாள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. ஒரு மாட்டுக் கொட்டகை. கால் ஒடிந்த பெண் வைக்கோலில் ஊர்ந்து ஊர்ந்து போகிறாள். முகமூடி போட்டவன் அவசரமே இல்லாமல் பின்னால் நடக்கிறான். அவள் திரும்பிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, விட்டுவிடு என்று கெஞ்சுகிறாள்.

"விடுடா அவள!" என்று வேட் கத்திவிட்டான்.

தட்டு தரையில் கவிழ்ந்தது. கம்பளமெல்லாம் முட்டைக்கோஸ். வேட் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். படத்தில் அவள் அலறுவது நிற்கவில்லை.

"கையை எடுடா," என்று கெல்சி கிசுகிசுத்தாள். "அப்பா இருக்காரு. கையை எடு."

"முடியல."

"இது வெறும் படம்டா. அது ரத்தம் இல்ல, சாயம்."

"சாயம்னு தெரியுது. ஆனா அவ கெஞ்சறா, கெல்சி. நாம முட்டைக்கோஸ் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கோம்."

ஸ்டான் படத்தை நிறுத்தினார். 

வேட் எழுந்தான். காது வரைக்கும் சிவந்திருந்தது. குனிந்து தரையில் சிந்தியதைக் கையால் வாரித் தட்டில் போட்டான்.

"மன்னிச்சிடுங்க சார். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். இனிமே கேக்கறதுல அர்த்தமில்லன்னு தெரியுது. கம்பளத்தை நான் சுத்தம் பண்ணிக் குடுத்துடறேன்."

கெல்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. "ஒரே ஒரு படம்டா. எனக்காக ஒரே ஒரு படம் உக்காந்து பாக்க முடியலையா உன்னால?"

வேட் மேல்சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். கையில் தட்டோடே கதவை நோக்கி நடந்தான்.

"நில்லு தம்பி," என்றார் ஸ்டான்.

அவன் நின்றான். ஸ்டான் அவனைப் பார்க்கவில்லை. மூத்த மகளைப் பார்த்தார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"நீ சொல்லும்மா. போன தடவை நான் சொன்னேன். இந்தத் தடவை நீ சொல்லு."

ட்ரிஷா வேட் பக்கம் திரும்பினாள். அவன் கையில் தட்டோடும் தோளில் மேல்சட்டையோடும் திருடன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"இவன் போதும்ப்பா."

ஸ்டான் எழுந்துபோய் வேட்டின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். "கேக்க வந்ததைக் கேளு," என்றார்.

"அக்கா, கிண்டல் பண்றியா?" கெல்சி சீறினாள். "அவன் பாதிப் படம்கூடப் பாக்கல!"

"படத்தை யாருடி பாத்தா? அப்பாவும் நானும் அவன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தோம்," என்றாள் ட்ரிஷா. "என்னைக் கட்டிக்கக் கேட்டு வந்த கிரெக் இந்த இடத்துல உக்காந்து இதே காட்சியைப் பாத்தப்ப நீ சின்னப் பொண்ணு. அவ கெஞ்சக் கெஞ்ச விழுந்து விழுந்து சிரிச்சான். ஆம்பளைன்னா இவன்தான்னு அப்பா அவன் தோள்ல தட்டிக் குடுத்தாரு. கல்யாணத்துக்கு அப்புறம் அதே சிரிப்பை என் சமையலறைத் தரையில விழுந்து கெடந்து கேட்டேன்."