சீல் பிரியாத கேன்

புயலுக்குப் பயந்து தையல்காரி கட்டிலுக்கடியில் தண்ணீர் கேன்களும் பிஸ்கட் பெட்டிகளும் பதுக்கி வைத்திருந்தாள். குழாய் வறண்டதும் கீழ்வீட்டு அக்கா சொம்போடு வந்து, "அவருக்குக் காய்ச்சல் கொதிக்குது, கொஞ்சம் தண்ணி இருக்குமா?" என்றாள்.

"எங்களுக்கே இல்லக்கா" என்று கதவைச் சாத்தினாள்.

மறுநாள் அக்காவின் கணவர் போய்விட்டார்.

புயல் ஓய்ந்தபின் கேன்களை வெளியே இழுத்தாள். ஒன்று மட்டும் பஞ்சு போல வந்தது. சீல் பிரியவில்லை, ஓட்டையும் இல்லை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

துக்கம் கேட்கப் போனபோது அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் மனசு கேக்காம நீயே கேனைத் தூக்கிட்டு வந்தியே. வயிறு நெறயக் குடிச்சிட்டுத்தான் கண்ண மூடுனாரு."

கூடியிருந்தவர்கள் தையல்காரியை வாஞ்சையோடு பார்த்தார்கள். யாரோ நாற்காலி போட்டார்கள். அவள் உட்கார்ந்தாள்.