விடுபட்ட பத்தி

பேராசிரியரின் அறையில், பிற்பகல் வெயில் கூசும் கணினித் திரையில், மருத்துவ இதழில் வரப்போகும் கட்டுரையை ஆராய்ச்சி மாணவி கடைசியாகப் படித்துப் பார்க்கிறாள். புது மருந்து குடித்த இரண்டு குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததாக அவள் எழுதிய பத்தியைக் காணோம். “சார், அந்தக் குழந்தைங்க எங்க?” பேராசிரியர் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே, “அதைப் போட்டிருந்தா எவன்மா ஏத்துக்குவான்? கண்டுக்காம விடு” என்கிறார். வலிப்பில் விறைத்த குழந்தையின் கடைவாய் நுரையைத் துடைத்தவள் அவள். காது மடல் கொதிக்கிறது. அந்தப் பத்தியை அவர் கண்ணெதிரிலேயே இதழாசிரியருக்கு மின்னஞ்சலில் தட்டச்சு செய்கிறாள். “உன் பட்டத்துக்கு நான்தான் கையெழுத்துப் போடணும், ஞாபகம் இருக்கா?” என்று அவர் எழுந்து நிற்கிறார். “அந்தக் கையாலதானே சார் அந்தப் பிள்ளைங்கள அழிச்சீங்க?” என்று கேட்டபடியே அனுப்பிவிடுகிறாள்.