ஜானகி வீட்டு வெளுப்பு

“மோட்டாருக்குக் காயில் கட்டுனா இன்னும் பத்து வருசம் ஓடும்னு அவரே—”

“எவரு சொன்னா என்ன, புதுசு வாங்குனாத்தான்—”

“சொல்ல விடுங்க.”

“நீ என்னைச் சொல்ல விடு, ஜானகி!”

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில், குளியலறைத் தரையில் ஸ்குருடிரைவரோடு குத்தவைத்திருந்தார் அங்கமுத்து. குன்னம் பக்கத்துக் கிணற்று மோட்டார்களுக்கெல்லாம் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். துணி துவைக்கிற மெஷினை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறார். பெரம்பலூரில் அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான். ஜானகியின் தம்பி சவுதியிலிருந்து கொண்டுவந்து இறக்கியது.

“உன் கைக்காகத்தான் சொல்றேன்” என்றார் குருநாதன். சோப்புத் தண்ணீர் பட்டால் ஜானகிக்குக் கை முழுக்கக் கொப்புளம் போட்டுவிடும். அதைச் சொல்லித்தான் தம்பியிடம் மெஷினே கேட்டது.

“என் கைக்கு என்ன? வழவழன்னு நல்லாத்தான் இருக்கு.”

“சரி, இன்னிக்குப் புஷ்பவல்லி வராளே, அதுக்கு என்ன பதிலு?”

அவசரமெல்லாம் அடுத்த வீட்டுப் புஷ்பவல்லியால் வந்தது. ஆபீசுக்குப் போகும் குருநாதனின் சட்டை வெளுப்பைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி மெஷின் வேண்டுமென்று தன் வீட்டுக்காரரை அரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை நம் துணியைப் போட்டுப் பார்த்துவிட்டு வா, பிடித்திருந்தால் வாங்கலாம் என்று அவரும் சொல்லிவிட்டார்.

“அவ வந்து நிக்கறப்ப இது ஓடலேன்னா, நான் இந்தத் தெருவுல தலை நிமிந்து நடக்க முடியுமா?”

“மெஷினு நின்னா அதுல மானம் போறதுக்கு என்ன சார் இருக்கு?” என்றார் அங்கமுத்து. “கெணத்து மோட்டாரு நிக்கலியா?”

அங்கமுத்து பின்பக்கத் தகட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

“எப்ப சார் நின்னுச்சு?”

“முந்தாநாளு” என்றார் குருநாதன். “நேத்துதான்” என்றாள் ஜானகி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

தகடு கையோடு வந்தது. உள்ளே மோட்டாரின் தலையில் ஒரு குளவிக்கூடு. மண் காய்ந்து இறுகி, குஞ்சுகள் பறந்துபோன ஓட்டைகளோடு இருந்தது.

“குளவி குடும்பமே நடத்திட்டுக் கெளம்பிருக்கும்மா.”

“அதுக்கு வேற என்ன வேலை? ராத்திரியோட ராத்திரியா முடிச்சிருக்கும்.”

அங்கமுத்து கொல்லைக் கொடியைப் பார்த்தார். ஈரச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின, கண் கூசியது. காலரில் ஒரு கோடு அழுக்கில்லை. வெளிநாட்டு மெஷினுக்குக் குளவியெல்லாம் ஒரு பொருட்டில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

“இங்க வச்சு ஆவாது சார். கழட்டிக் கடைக்குக் கொண்டுபோயித்தான் கட்டணும். நாலஞ்சு நாளு ஆவும்.”

“நாலஞ்சு நாளா!” குருநாதன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். “இதுக்குத்தான் தலதலயா அடிச்சுக்கறேன். இப்ப திருச்சிக்குப் பஸ் ஏறுனாக்கூட நாளைக்குப் புதுசே வந்து எறங்கிரும்.”

“வெளுப்புல ஏதாச்சும் கொறையா? இல்லேல்ல? இருக்கறத வச்சு ஓட்டுவோம். அதுக்குள்ள என்ன அவசரம்?”

“உனக்கென்ன அவசரம்!”

“ஜானகியக்கா!” வாசலில் குரல் கேட்டது.

குருநாதன் அங்கமுத்துவைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். மோட்டாரை மடியில் வைத்தபடி அங்கமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஜானகி குளியலறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே போனாள்.

“துணியக் கொண்டாந்துட்டேன்க்கா. ஒரு தடவ போட்டுக் காமிங்க, கிட்ட நின்னு பாத்துக்கறேன்.”

“கிட்ட நின்னா ஷாக்கு அடிக்கும் புஷ்பவல்லி. நாங்களே கதவச் சாத்திட்டுத்தான் போடறது.”

“ஆமாமா, சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேக்குமே. ஆனா என்னக்கா, நின்னு நின்னு ஓடுது?”

“நடுநடுவுல ஓய்வு எடுத்துக்கும்.”

“மெஷினா?”

“சவுதிலேருந்து வந்ததுல்ல.”

“அதுக்கிருக்கற அறிவப் பாரேன்!”

“பக்கெட்ட வச்சுட்டுப் போ. சாயங்காலம் மடிச்சே குடுத்தனுப்பறேன். வெளுப்பப் பாத்துட்டு ஒன் வூட்டுக்காரரு என்ன சொல்றாருன்னு வந்து சொல்லு.”

புஷ்பவல்லி சந்தோஷமாகப் போனாள். அங்கமுத்து மோட்டாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக வெளியே வந்தார். “ரிப்பேரே பண்ணிருங்க, மெதுவாக் கொண்டாந்தாப் போதும்” என்று ஜானகி வழியனுப்பினாள்.

குளியலறை ஜன்னலுக்கு நேர்கீழே சைக்கிள் நின்றது. கேரியரில் மோட்டாரை வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே குருநாதனின் செருமல், தாழ்ப்பாள் விழுகிற சத்தம். பக்கெட்டை ‘ணங்’கென்று வைக்கிற சத்தம். குழாய் திறந்தது. அதற்கு மேலே ஜானகியின் குரல், அவசரமே இல்லாமல்:

“புஷ்பவல்லி பொடவ சாயம் போவும்ங்க. அதத் தனியா அலசுங்க.”