சட்டைத் துண்டு

முப்பது கஜத்தில் நின்ற ஆண் வான்கோழியை ஹாலிஸ் தவறவிட்டான். துப்பாக்கி விசையை இழுக்கும் நேரத்தில், அவன் முதுகுக்குப் பின்னால் வெகு அருகில் ஒரு பெட்டை வான்கோழி கூப்பிட்டது. முடிவில் லேசாக உடையும் குரல்.

வேட்டைக் கூட்டாளி ராய்ஸ், சேவலை வரவழைக்கத் தன் மரப்பெட்டியைத் தேய்த்துப் பெட்டை போலக் கூப்பிட்டால் அப்படித்தான் உடையும். போன ஏப்ரலில் அந்தக் குரலைத் தேடி வந்த சேவல் என்று நினைத்துத்தான், புதர் அசைந்ததும் ஹாலிஸ் சுட்டான். அன்று குறி தவறவில்லை. மரப்பெட்டியை ராய்ஸோடு சேர்த்தே புதைத்தார்கள்.

வேட்டைக் குடிசையில் டூயி கத்தரிக்கோலோடு காத்திருந்தான். குறி தவறியவனின் சட்டைப் பின்நுனியை வெட்டி, பெயர், தேதி, எத்தனை கஜ தூரத்தில் தவறியது என்று எழுதிச் சுவரில் ஆணியடிப்பது அங்கே வழக்கம். எப்போதும் அது ராய்ஸின் வேலை.

"வெடிச்சத்தம் வந்துச்சு, கோழி வரலையே. திரும்புடா."

"பாத்து வெட்டுடா. காலைலதான் மடிப்பப் பிரிச்சுப் போட்டேன்."

டூயி அவனுடைய நீலக்கட்டச் சட்டையைக் கால்சட்டையிலிருந்து உருவினான். கத்தரிக்கோல் அசையவில்லை.

"இத யாருடா வெட்டுனது?"

பின்னால் ஒரு சாண் துணி இல்லை.

சுவரில் கடைசி ஆணியில் அதே நீலக்கட்டத் துணி தொங்கியது. ஹாலிஸின் பெயர், இன்றைய தேதி, ராய்ஸின் சாய்ந்த கையெழுத்து. அடியில் முப்பது அல்ல, இரண்டு கஜம் என்று எழுதியிருந்தது.

ஹாலிஸ் அதைப் படித்தபடியே நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.