திருடன் வேடம்
சாப்பாட்டு மேசையில் சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் மாயாஜாலக் கதை விளையாட்டுக்கான வேட அட்டைகளை அவன்தான் தமிழில் எழுதியிருக்கிறான். மனைவிக்கு மந்திரவாதி, மகளுக்கு வீராங்கனை. பூட்டுத் திறக்கிற வேடத்துக்கு ஒற்றன் என்றே போட்டிருக்கலாம். யோசிக்காமல் திருடன் என்று எழுதிவிட்டான். அந்த அட்டை இப்போது, சிறையிலிருந்து போன வாரம் வந்த மைத்துனன் கையில். பகடையை உருட்டிக்கொண்டிருந்த மனைவியின் விரல்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. “குடுடா, வேற பேரு எழுதித் தரேன்” என்று அவன் அவசரமாகக் கை நீட்டுகிறான். மைத்துனன் அட்டையின் மடங்கிய ஓரத்தை நகத்தால் நீவுகிறான். “இருக்கட்டும் மாமா. இவன் மாட்டிக்கிட்டா, கூட இருக்கறவங்க வந்து பாப்பாங்கல்ல?” சிறைப் பக்கம் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத அவன், அட்டையையே பார்த்தபடி, “வருவாங்கடா” என்கிறான்.