பன்னிரண்டு இருபதுக்குப் பிறந்தவன்

நிஷாந்தினியின் ஃபோனில் சயந்தனின் சாதகம் ஒன்பதாவது தடவையாக விழுந்தது. கிரகங்கள் சுற்றத் தொடங்கின, திரை வெள்ளையானது, ஆப் தானாக மூடிக்கொண்டது.

"உங்க சாதகத்த போட்டா மட்டுந்தான் இப்படி," என்றாள் அவள். "மத்த நானூறும் ஒழுங்கா வருது."

சயந்தனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவரும் சாதகம் கணிக்கும் ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்த வெள்ளவத்தை அலுவலகத்தில் மூன்று நாட்களாக இதே கூத்து. கிரகநிலையைக் கணிக்கும் நிரல் ஒன்றுதான், லப்டொப், அன்ட்ரொயிட், ஐபோன் மூன்றுக்கும் பொது. லப்டொப்பில் அவன் சாதகம் அழகாக வந்தது. ஃபோன் இரண்டிலும் குப்புற விழுந்தது.

ஆப் வெளியாகாமல் இருவருக்கும் லீவு கிடையாது என்று மனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அவர்கள் இருவருக்கும் கல்யாண எழுத்து. மாப்பிள்ளையும் பெண்ணும் இங்கே பிழை திருத்திக்கொண்டிருந்தால் பதிவாளர் அங்கே யாரை எழுதுவார்?

அந்த எழுத்தே சும்மா வந்து சேரவில்லை. நிஷாந்தினியின் ஆட்கள் ஹட்டன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியேறியவர்கள். யாழ்ப்பாணத்துக்காரியான சயந்தனின் அம்மா பாலேஸ்வரி, தோட்டத்துப் பெண்ணா என்று இரண்டு வருடம் மகனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில், சாதகம் பொருந்தினால் ஓம், பொருந்தாவிட்டால் இந்தக் கதையே எடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். தானே கிருலப்பனைச் சாத்திரியாரிடம் போய், பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று வேண்டாவெறுப்பாக வந்து சொன்னார்.

மத்தியானம் அம்மா ஃபோன் எடுத்தபோது, தன் சாதகத்தோடு மல்லுக்கட்டுவதைச் சொல்லிச் சலித்துக்கொண்டான் சயந்தன்.

"உன்ரயை ஏன் தம்பி சும்மா சும்மா கிண்டுறாய்? வேறை ஆற்றையாவது சாதகத்தைப் போட்டுப் பாரன்."

கண்ணூறு பட்டுவிடும் என்ற பயமாக்கும் என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டான்.

மூன்று மணிக்குப் பொறுமை முழுதாகப் போயிற்று. அம்மா எழுதித் தந்த துண்டை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிமிடமாக மாற்றிப் பார்த்தான். 1996 மே 25, அதிகாலை 12.20, கொழும்பு. விழுந்தது. முதல்நாள் இரவு 11.50 போட்டான், வந்தது. 1.05 போட்டான், அதுவும் வந்தது. பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் எதைப் போட்டாலும் விழுந்தது.

அப்போதுதான் ஃபோனுக்குள் இருந்த, எந்த நாட்டில் எப்போது நேரம் மாறியது என்ற அட்டவணையைத் திறந்தான். திறந்தவன் தலையில் கை வைத்தான்.

1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. தள்ளியது அதே இரவில். பன்னிரண்டு ஆனதும் நாடு முழுக்க ஒரு மணி. அன்றைக்கு இலங்கையில் பன்னிரண்டு இருபது என்றொரு நேரம் வரவேயில்லை. ஃபோன்கள் இல்லாத நேரத்தைத் தேடிப்போய் விழுந்தன. லப்டொப்புக்கு இந்தச் சங்கதியே தெரியாது, அதனால் பேசாமல் கணித்தது.

இவ்வளவுதானா என்று இருவருக்கும் உயிர் வந்தது. ஆஸ்பத்திரியில் மணிக்கூட்டை மாற்ற மறந்திருப்பார்கள், அம்மா அதைப் பார்த்து எழுதியிருப்பார். ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் வேலை முடிந்தது. நிஷாந்தினிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மா, எனக்கு எழுதித் தந்தது பழைய நேரமோ, புது நேரமோ?"

அந்த இரவில் அப்படியொரு நேரமே இருக்கவில்லை என்று விளங்கப்படுத்தினான். அம்மாவின் குரல் மெல்லக் கேட்டது. அவன் பிறந்தது விடிய நாலு மணிக்காம். பிறப்புச் சான்றிதழில் உள்ள திகதியை மாற்ற முடியாது என்பதால், நட்சத்திரம் மாறும் அளவுக்கு நேரத்தை நள்ளிரவுப் பக்கம் இழுத்து, பன்னிரண்டு தாண்டி இருபது நிமிடம் என்று சாத்திரியாரைக் கொண்டு எழுதுவித்தாராம்.

நிஷாந்தினி கதிரையை விட்டு எழும்பி நின்றாள்.

"ஏனம்மா மாத்தினனீங்கள்?" என்றான் சயந்தன்.

"பொருந்தேல்லை எண்டு உன்ர முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு, தம்பி."