முதல் பொட்டு

மகள் ஆதிரைக்குத் துளசிமணி ஒருநாளும் திருஷ்டிப் பொட்டு வைத்ததில்லை. நாவல்பழச் சாற்றைக் கொட்டியதுபோல் இடது கன்னம் முழுக்க ஒரு மச்சத்தோடுதான் குழந்தை பிறந்தது. "இதுக்கு எதுக்குப் பொட்டு? யாரு கண்ணு வைக்கப் போறாங்க?" என்று பெயர் சூட்டிய அன்றே நாத்தனார் கேட்டுவிட்டாள். வாங்கி வைத்த மை அலமாரியிலேயே காய்ந்து போயிற்று.

கன்னத்துத் தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் விரிந்து கிடப்பதாகவும், லேசரால் சுட்டுத்தான் சுருக்க வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். மூன்று வருஷம் அலைந்தார்கள். ஒவ்வொரு முறையும் குழந்தையைப் படுக்க வைத்துக் கண்ணை மூடிவிடுவார்கள். இரண்டு கைகளையும் அழுத்திப் பிடித்துக்கொள்வது துளசிமணியின் வேலை. "இதோ, முடிஞ்சிருச்சு சாமி" என்பாள். முடிந்திருக்காது.

ஒருவழியாகக் கன்னம் தெளிந்தது. அந்த மாதமே சொந்தத்தில் ஒரு கல்யாணம். பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்துவிட்டுப் பார்த்தபோது, தன் கண்ணே பட்டுவிடுமோ என்று துளசிமணிக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம்கூட இனித்தது. புது மையைத் தொட்டு இடது கன்னத்தில் வட்டமாக ஒரு பொட்டு வைத்து, மகளைக் கண்ணாடி முன் நிறுத்தினாள்.

ஆதிரை தன் கன்னத்தையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. பாவாடையை ஒதுக்கிக்கொண்டு பாயில் மல்லாந்து படுத்தாள். கண்களை இறுக மூடி, இரண்டு கைகளையும் அம்மாவிடம் நீட்டினாள்.

"பிடிச்சுக்கம்மா."